கோழியா, ஆடா, கெளுத்தியா? வீட்டிலேயே வளர்க்கும் ஆசை இருந்தால், முதல்ல தீவனத்தைப் பாருங்க

முட்டை விலை ஏறும்போதெல்லாம் "நாமே நாலு கோழி வளர்த்தா என்ன?" என்ற பேச்சு வரும். நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் கால்நடை உங்கள் வீட்டுக்குச் சரிவரும் என்பதை முடிவு செய்வது உங்கள் ஆசையும் இல்லை, யூடியூப் காணொளியும் இல்லை. அது என்ன தின்னும், அந்தத் தீனி எங்கிருந்து வரும் என்பதுதான்.

2022 ஜூன் 1 ஞாபகம் இருக்கா? அன்றிலிருந்து கோழி ஏற்றுமதியை மலேசியா நிறுத்திவைத்தது. அதுவரை மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தன. சிங்கப்பூருக்கு 2021-இல் வந்த கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது. அதனால் அங்கே சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் தவித்துப்போனார்கள். பிறகு 2023 நவம்பர் 1-இல் மலேசியாவில் கோழி விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 1-இல் முட்டைக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் முடிவுக்கு வந்தன.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் தற்சார்பு வாழ்க்கை பற்றிய காணொளிகள் கைப்பேசியில் வரிசையாக வந்து நிற்கும். ஓர் ஏக்கர் நிலம், பத்து கோழி, இரண்டு ஆடு, ஒரு குளம். பார்க்க அழகாத்தான் இருக்கும். நம்ம ஊர் வெயில், மழை, பாம்பு, பக்கத்து வீட்டுக்காரர், ஊராட்சி மன்றம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும்.

சுருக்கமாக:

• தீவன மூட்டையை நம்பி வளர்த்தால் வீட்டு முட்டை கடை முட்டையைவிட மலிவாக இருக்காது.
• புல், இலை, சமையலறை மிச்சம் இவற்றைத் தின்னும் கால்நடைதான் உண்மையான தற்சார்புக்கு உதவும்.
• தாமான் வீடு, கம்பத்து மனை, ஒரு ஏக்கர் தோட்டம், மூன்றுக்கும் விடை வேறு வேறு.
• வாங்குவதற்கு முன் நிலத்தின் வகை, ஊராட்சி மன்ற விதி, தினமும் கவனிக்க ஆள் ஆகிய மூன்றையும் உறுதி செய்யுங்கள்.

2022-இல் கோழி ஏன் தட்டுப்பட்டது?

மலேசியா தனக்குத் தேவையான கோழியைப் பெரும்பாலும் தானே வளர்க்கிறது. அப்படியிருந்தும் ஏன் தட்டுப்பாடு? கோழி நம்முடையது, ஆனால் அது தின்னும் சோளமும் சோயாவும் நம்முடையவை அல்ல. இரண்டும் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு தீவனத்துக்கே போய்விடும். உக்ரேன் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. இங்கே கோழி விலைக்கு உச்சவரம்பு இருந்ததால், வளர்ப்பவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

வீட்டில் வளர்ப்பவருக்கும் இதே பாடம்தான். கோழி உங்கள் கொல்லையில் நிற்கலாம். அது தின்னும் மூட்டை கடையிலிருந்து வந்தால், பாதித் தற்சார்பு அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை. மாதத்துக்கு 150 முட்டை.

• முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஆறு கோழிக்கு மாதத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ.
• ஆறு கோழியும் நன்றாக முட்டையிட்டால் மாதத்துக்கு 135 முட்டை வரை கிடைக்கும்.
• தீவனம் கிலோ 2 ரிங்கிட் 50 சென் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 50 ரிங்கிட். அதாவது ஒரு முட்டைக்குத் தீவனச் செலவு மட்டும் 37 சென்.

2024 ஜூனில் அரசாங்கம் நிர்ணயித்த உச்சவரம்பு விலையில் சி ரக முட்டை 38 சென். நம் கணக்கில் கூண்டுச் செலவு, கோழி வாங்கிய விலை, தடுப்பூசி, செத்துப்போகும் கோழி எதுவுமே சேரவில்லை. உங்கள் பகுதியில் தீவனம் என்ன விலையோ அதைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்கலாம். காசு மிச்சப்படுத்த மட்டும் கோழி வளர்க்க நினைத்தால், இந்தக் கணக்கு உங்களுக்கு ஏமாற்றம்தான் தரும்.

இதில் மாற்றக்கூடிய எண் ஒன்றே ஒன்றுதான், அது தீவனம். சோற்று மிச்சம், காய்கறிக் கழிவு, தேங்காய்ச் சக்கை, தவ்ஃபூ செய்பவர்களிடம் கிடைக்கும் சோயாச் சக்கை, அசோலா, புழு பூச்சி ஆகியவை தீவன மூட்டையின் பாதியைக் குறைத்தாலும் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: அது என்ன தின்னும்? மனிதர் தின்ன முடியாத புல், இலை, கழிவு இவற்றை உணவாக மாற்றித் தரும் கால்நடைக்கே முதலிடம். மலேசியாவில் ஆண்டு முழுவதும் இலவசமாக வளர்வது புல். ஆடு, மாடு, முயல் மூன்றுக்கும் அது போதும். கோழிக்கும் மீனுக்கும் புரதம் தேவை. அதை எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது கேள்வி: அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? பண்ணைகளில் இருக்கும் கலப்பின முட்டைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அடைகாக்கும் குணம் அதற்குப் பெரும்பாலும் கிடையாது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் முட்டை குறைந்துவிடும். அப்புறம் மறுபடி கடைக்குத்தான் போகணும். கம்பத்துக் கோழி குறைவாகத்தான் இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் உட்கார்ந்துவிடும். ஆனால் 21 நாளில் தன் குஞ்சைத் தானே பொரித்து வளர்க்கும். முட்டைதான் முக்கியம் என்றால் கலப்பினம், தொடர்ந்து வரணும் என்றால் கம்பத்துக் கோழி.

மூன்றாவது கேள்வி: தினமும் யார் பார்த்துக்கொள்வது? கால்நடைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்கள், தைப்பூசத்துக்கு மூன்று நாள் பினாங்கில் இருக்கிறீர்கள். பால் தரும் ஆட்டை யார் கறப்பது? கோழியை இரண்டு நாளுக்குப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்கலாம். பால் ஆட்டை அப்படி விட முடியாது, கறக்காமல் விட்டால் மடிநோய் வரும்.

நான்காவது கேள்வி: யார் அறுப்பது? பலர் இதைக் கடைசிவரை பேசாமல் தள்ளிப்போடுவார்கள். பொரியும் குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவல். எல்லாச் சேவலையும் வைத்திருந்தால் ஒன்றையொன்று கொத்தி இரத்தமாக்கிக்கொள்ளும், தீவனமும் வீண். ஆடு பால் தரவேண்டுமானால் முதலில் குட்டி போடணும், அந்தக் குட்டியும் பாதிக்குப் பாதி கிடாதான். முட்டையும் பாலும் மட்டும் போதும், அறுக்க வேண்டாம் என்பவர்கள்கூட இந்தச் சேவலுக்கும் கிடாவுக்கும் ஒரு வழி சொல்லியாகணும். பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பிப்பதற்கு முன்னால் இதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

எதை வளர்க்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

கோழி

தொடக்கத்துக்கு ஏற்றது. சேவல் இல்லாமலே முட்டை இடும், அதனால் தாமான் பகுதியில் சத்தப் பிரச்சினையும் குறையும். குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல் தேவை. 30 பாகைக்கு மேல் வெயில் ஏறினால் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீனி குறையும், முட்டையும் குறையும். நிழலும் காற்றோட்டமும் கூண்டின் அழகைவிட முக்கியம். ஒரு சதுர மீட்டருக்கு நாலைந்து கோழிக்கு மேல் அடைக்க வேண்டாம்.

கூண்டுக்குக் கோழிக்கம்பி போதாது. அது கோழியை உள்ளே வைக்கும், மலைப்பாம்பையும் மரநாயையும் வெளியே வைக்காது. சின்னக் கண்ணுள்ள கெட்டியான வலையாக இருக்கணும், அடியிலும் மூடியிருக்கணும். சிந்தும் தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். எலிச் சிறுநீரால் மனிதர்களுக்கும் எலிக்காய்ச்சல் வரும். ராத்திரி தீவனத் தட்டை எடுத்து உள்ளே வைப்பது எளிய தீர்வு.

வாத்து

மஸ்கோவி வாத்து, மலாயில் இதிக் செராத்தி, தற்சார்புக்கு நல்ல தேர்வு. கத்தாது, உஸ் உஸ் என்றுதான் சத்தம் வரும். புல், நத்தை, பூச்சி தானே தேடித் தின்னும். 35 நாள் அடைகாத்துத் தானே குஞ்சு பொரிக்கும். நோய் எதிர்ப்பும் கோழியைவிட அதிகம். ஆனால் வாத்து இருக்கும் இடமெல்லாம் சேறுதான். சின்ன மனைக்குச் சரிவராது.

காடை

இடம் குறைவாக இருப்பவர்களுக்கு. ஆறு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும், 17, 18 நாளில் குஞ்சு பொரியும். தானே அடைகாக்காது, அடைகாக்கும் கருவி வேண்டும். தீவனமும் முழுக்க மூட்டைதான். தற்சார்பு என்று பார்த்தால் இதற்கு மதிப்பெண் குறைவு, கையில் எடுத்துப் பழகுவதற்கு எளிது.

முயல்

சத்தமே இல்லை, புல் தின்னும், 31 நாளில் குட்டி போடும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல இறைச்சிக் கால்நடை இல்லை. ஆனால் நம்ம ஊர் வெயில் முயலுக்கு எதிரி. 30 பாகைக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஆண் முயலின் இனவிருத்தித் திறன் குறையும், கடும் வெப்பத்தில் செத்தும் போகும். அப்புறம் இன்னொன்று: பெரும்பாலான வீடுகளில் முயல் மூன்றே வாரத்தில் செல்லப்பிராணி ஆகிவிடும். அதை அறுக்க யாருக்கும் மனம் வராது.

ஆடு

மலேசியர் சாப்பிடும் ஆட்டிறைச்சியில் உள்நாட்டில் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். மற்றது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. ஆகவே இடம் இருப்பவர்களுக்கு ஆடுதான் உண்மையில் மாற்றத்தைக் காட்டும் கால்நடை.

கம்பங்களில் காணப்படும் சின்ன உருவக் கச்சாங் ஆடு நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. இறைச்சிக்குப் போயர், பாலுக்குச் சானேன், இரண்டுக்கும் ஜம்னாபாரி. ஜம்னாபாரி வட இந்தியாவில் யமுனைக் கரையைச் சேர்ந்த இனம், நீண்டு தொங்கும் காதை வைத்தே அடையாளம் காணலாம். சினைக்காலம் 150 நாள். இரட்டைக் குட்டி சாதாரணமாக வரும்.

40 கிலோ எடையுள்ள ஆடு ஒன்று தினமும் சுமார் 4 கிலோ பச்சைத் தீனி தின்னும். ஆடு தனியாக இருக்காது, தனியாக இருந்தால் கத்திக்கொண்டே இருக்கும், தீனியும் குறையும். அதனால் குறைந்தது இரண்டு. அதாவது தினமும் 8 கிலோ, மழை பெய்தாலும், காய்ச்சல் வந்தாலும்.

நம்ம சூழலில் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் குடற்புழு. ஈரப் புல்லில் ஏறி இருக்கும் புழுவின் இளம் பருவத்தை ஆடு தின்கிறது. அது வயிற்றில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்துப்போயிருந்தால் உடனே மருத்துவர். இதைத் தவிர்க்கத்தான் இங்கே ஆட்டுக் கொட்டகையைத் தூண் மேல் உயர்த்தி, பலகைக்கு இடையில் சந்து விட்டுக் கட்டுகிறார்கள். சாணம் கீழே விழும், ஆடு உலர்ந்த இடத்தில் நிற்கும். காலையில் பனி ஈரத்தோடு மேயவிடாமல், உயரமான நேப்பியர் புல்லை வெட்டிப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தீனியில் மூன்று எச்சரிக்கைகள்:

• மரவள்ளி இலையைப் பறித்த கையோடு நிறையப் போடக் கூடாது. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வாட வைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள்.
• பெத்தாய் பெலாலாங், அதாவது சவுண்டல் இலை, நல்ல புரதம். ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.
• செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கும் ஆட்டுக்கும் மலிவான உள்நாட்டுத் தீவனம். செம்மறியாட்டுக்கு அதை அதிகம் கொடுத்தால் செம்புச் சத்து கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்து.

சாலையோரப் புல்லும் செம்பனைத் தோட்டப் புல்லும் இலவசம்தான். களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேட்காமல் வெட்டாதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றக் களைக்கொல்லிகள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.

மாடு

தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் மாட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு சேர்ந்து வந்து, இங்கேயே பெருகிய மாட்டினத்துக்குக் கால்நடைத் துறையினர் உள்நாட்டு இந்தியப் பால்மாடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் கொட்டகை, ரப்பர் மரங்களுக்கு இடையில் மேய்ச்சல், காலையில் வீடு வீடாகப் பால். பல குடும்பங்களுக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த வருமானம் அது.

அந்த முறை ஓடியதற்குக் காரணம் மாடு மட்டுமில்லை. மேய்ச்சலுக்குக் காசில்லை, சுற்றிலும் மாடு தெரிந்தவர்கள், வீட்டில் எப்போதும் ஓர் ஆள். இன்று அந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பது கஷ்டம். ஒரு மாடு தினமும் 30 முதல் 40 கிலோ பச்சைப் புல் தின்னும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கு மேல். கோமாரி நோய் தீபகற்பத்தில் அடிக்கடி வருகிறது, 2021-இல் தோல் கழலை நோயும் வந்து சேர்ந்தது. ஒரு குடும்பத்தின் பால் தேவைக்கு மட்டும் என்றால் மாடு ரொம்பப் பெரிய முடிவு. இரண்டு பால் ஆடு போதும்.

பன்றி

கழிவை இறைச்சியாக மாற்றுவதில் பன்றி கெட்டிக்காரப் பிராணி. ஆனால் மலேசியாவில் உரிமமும் தனி இடமும் இல்லாமல் வளர்க்க முடியாது. அக்கம்பக்கத்தாரின் சமய உணர்வும் முக்கியம். 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் நாட்டுக்குள் வந்துவிட்டது. வீட்டு அளவில் இதை விட்டுவிடலாம்.

மீன்

கெளுத்தி காற்றையும் சுவாசிக்கும் மீன். அதனால் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியே போதும், மூன்று நான்கு மாதத்தில் சமையலுக்குத் தயார். திலாப்பியாவுக்கு ஆறு மாதம் வரை ஆகும், நல்ல காற்றோட்டமுள்ள நீரும் வேண்டும். மீனுக்கு வாங்கும் தீவனம், அதே எடைக்குக் கோழிக்கு ஆவதைவிடக் குறைவு. தொட்டியில் மாற்றும் அழுக்கு நீரைக் கங்கோங், வாழை, மிளகாய்க்கு ஊற்றலாம், உரம் தனியாக வாங்க வேண்டாம். மீந்த மீனை ஆற்றில் மட்டும் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம்ம ஆற்று மீன்களை விழுங்கிவிடும்.

கெலுலுட் தேனீ

கொடுக்கில்லாத சின்னத் தேனீ. தீவனம் வாங்க வேண்டாம், அறுக்க வேண்டாம், தாமான் வீட்டு முன்புறத்திலேயே வைக்கலாம். தேன் லேசாகப் புளிக்கும். சுற்றிலும் பூச்செடி இருந்தால் போதும். டெங்கிப் புகைமருந்து அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பெட்டியை முன்கூட்டியே மூடி நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் கூட்டமே செத்துப்போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று வகைப்படுத்துகிறது. தாமான் வீடு கட்டட நிலத்தில் இருக்கும். அங்கே எத்தனை கோழி வைக்கலாம், வைக்கலாமா கூடாதா என்பதை ஊராட்சி மன்றத்தின் துணைச்சட்டமும் மாநிலச் சட்டமும் தீர்மானிக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். "பக்கத்து வீட்டுல வச்சிருக்காங்களே" என்பது அனுமதி ஆகாது. ஒரு புகார் போதும், அதிகாரிகள் வந்து எடுத்துப்போய்விடுவார்கள்.

ஒரு மாநிலத்தில் ஆடு வாங்கி இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கால்நடைச் சேவைத் துறையின் அனுமதி வேண்டும். ஆடு, மாட்டை அறுப்பதற்கு முன்பும் அந்தத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, கால்நடையைப் பட்டினி போடுவதும் வதைப்பதும் குற்றம். குறைந்தபட்ச அபராதம் 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000 ரிங்கிட், மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு: வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீடுகளில் சொந்தத் தேவைக்குப் பத்து வரை வைக்கலாம், ஆனால் காட்டுப் பறவைகள் நெருங்காதபடி மூடிய கூண்டில்.

நோயை ஏன் பெரிய விஷயமாகப் பார்க்க வேண்டும்?

ஏனென்றால் அது உங்கள் வேலியோடு நிற்காது. 1998, 1999-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளிலிருந்து நிப்பா கிருமி மனிதர்களுக்குப் பரவியது. 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. முதலில் கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். பண்ணைக்கு மேலே வளர்ந்த பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் வழியாகக் கிருமி பன்றிக்குப் போனதாகப் பின்னால் தெரியவந்தது. மாமரத்து நிழலில் கொட்டகை கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பறவைக் காய்ச்சலும் இங்கே வந்திருக்கிறது. 2004-இலும் 2017-இலும் கிளந்தானில், கம்பத்துக் கோழிகளிடையே கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டுக் கோழிதானே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

நீங்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை:

• கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி போடுங்கள். இந்த நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டே காலியாகும்.
• புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.
• ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் சமைக்க வேண்டாம், ஆற்றில் வீச வேண்டாம். கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.
• தண்ணீர்ப் பாத்திரத்தை நாள்தோறும் கழுவுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் தண்டமும் உங்களுக்குத்தான்.

சரி, அப்போ எதில் தொடங்குவது?

தாமான் வீடு என்றால், முதலில் கெலுலுட் பெட்டி அல்லது ஒரு கெளுத்தித் தொட்டி. ஊராட்சி மன்றம் அனுமதித்தால் சேவல் இல்லாமல் மூன்று நான்கு கோழி.

கால் ஏக்கர் கம்பத்து மனை என்றால், ஆறு முதல் பத்துக் கம்பத்துக் கோழி, ஒரு மீன் தொட்டி, அதன் நீருக்குக் காய்கறிப் பாத்தி. அடுத்த ஆண்டு மூன்று நான்கு மஸ்கோவி வாத்து.

ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் என்றால், ஆட்டை வாங்குவதற்கு மூன்று மாதம் முன்பே நேப்பியர் புல்லை நடுங்கள். புல் வெட்டும் உயரத்துக்கு வந்த பிறகு ஆடு வரட்டும். பலர் ஆட்டை முதலில் வாங்கிவிட்டுப் புல்லைத் தேடி அலைகிறார்கள், கடைசியில் மூட்டைத் தீவனத்தில் வந்து நிற்கிறார்கள்.

எந்த இடமானாலும் ஒரு நேரத்தில் ஒரு வகை மட்டும். அது ஓர் ஆண்டு முழுவதும், ஒரு மழைக்காலத்தையும் ஒரு பண்டிகை விடுமுறையையும் தாண்டிய பிறகு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். கோழி என்றால், வீட்டில் தினமும் மிஞ்சும் சோறு, காய்கறித் தோலை எடை போட்டுக் குறித்துவையுங்கள். ஆறு கோழிக்கு நாளுக்கு 660 கிராம் தீவனம் வேண்டும், அதில் எவ்வளவு உங்கள் சமையலறையே தரும் என்று தெரிந்துவிடும். சமையல் மிச்சத்தில் ஈரமே அதிகம் என்பதால், மூன்று கிலோ மிச்சம் ஒரு கிலோ தீவனத்துக்குச் சமம் என்று கழித்துக்கொள்ளுங்கள். ஆடு என்றால், ஏழு நாளும் வேலைக்குப் போவதற்கு முன் 8 கிலோ புல்லை வெட்டிக் கட்டி வையுங்கள். ஐந்தாம் நாள் மழையிலும் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள் என்றால், ஆடு வாங்கலாம்.